வழுக் காப்பார் யார்? லிஸ்ப் பைட்குறியின் வரலாறும் ஒரு தவறான அட்டவணையும்

நிரலில் நேரும் பிழையை ஆங்கிலத்தில் ‘பக்’ என்பர். பூச்சி என்பது அதன் நேர்பொருள். 1947 செப்டம்பரில் ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறியினுள் அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டதையும், அதைப் பதிவேட்டில் ஒட்டிவைத்ததையும் கணிப்பொறி வரலாறு எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவர். ஆனால் சொல் அதனினும் மூத்தது. 1878இலேயே எடிசன் தம் கடிதமொன்றில் கருவியின் கோளாறுகளை அச்சொல்லால் குறித்திருக்கிறார். எப்படியாயினும், பூச்சி என்னும்போது பிழை வெளியிலிருந்து புகுந்த ஒன்றாகிவிடுகிறது. தமிழில் கட்டற்ற மென்பொருள்களை மொழிபெயர்த்தோர் இதற்கு எடுத்துக்கொண்ட சொல் ‘வழு’. அது இலக்கண நூலிலிருந்து வந்தது. பிழை எங்கிருந்தோ பறந்து வந்ததன்று, சொன்னவன் சொன்னதிலேயே இருப்பது என்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது.

இந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று என்பதை அண்மையில் என் சொந்தப் பிழை ஒன்றால் கற்றேன். அதைச் சொல்வதற்கு முன், அப்பிழை எந்த வரலாற்றின் மீது நிகழ்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் பெரும்பாலும் வழுவைப் பற்றியது. திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என வழு ஏழு வகைப்படும். உரையாசிரியர்கள் இவ்வியலில் இரண்டு செயல்களைக் காண்கின்றனர். ஒன்று வழு நேராமற் காத்தல். மற்றொன்று வழுவமைத்தல், அதாவது விதிக்கு மாறாயினும் தக்க காரணம் உடையதை ஏற்றுக்கொள்ளுதல். உவகை மிகுதியால் ஒருவன் தன் பசுவை உயர்திணையாற் குறித்தால் அது திணை வழுதான். ஆயினும் காரணம் தெரிந்திருப்பதால் அமைக்கப்படும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: வழுவை அமைப்பதற்கு முன் அது வழு என்று அறியப்பட்டிருக்க வேண்டும். அறியாமல் விடுவதற்கு வழுவமைதி என்று பெயரில்லை.

காத்தல், அமைத்தல், அறியாது விடுதல் என்னும் இம்மூன்று நிலைகளும் லிஸ்ப் என்னும் நிரல்மொழியின் வரலாற்றில் அப்படியே காணக் கிடைக்கின்றன.

ஜான் மெக்கார்த்தி 1958இல் எம்ஐடியில் லிஸ்பை உருவாக்கத் தொடங்கினார். அதன் கோட்பாட்டுக் கட்டுரை 1960இல் வெளிவந்தது. அக்கட்டுரையில் ‘ஈவல்’ என்னும் செயற்கூறு தாளில் எழுதிய வரையறையாகவே இருந்தது. அதை ஐபிஎம் 704 இயந்திரத்துக்குக் கையால் குறியீடாக்கி உயிர்கொடுத்தவர் ஸ்டீவ் ரஸல். மொழியியல் மாணவருக்கு லிஸ்பின் ஒரு பண்பு உடனே பிடிபடும். அதில் நிரலும் தரவும் ஒரே வடிவின. இரண்டும் அடைப்புக்குறிக்குள் அமைந்த பட்டியல்கள். மொழியைக் கொண்டே மொழியைப் பற்றிப் பேச முடிவதுபோல, லிஸ்ப் நிரல் மற்றொரு லிஸ்ப் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். ஆகவே வழுநீக்கும் கருவியையும் அம்மொழியிலேயே எழுத முடிந்தது.

அந்த வசதியை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர் வாரன் டைடெல்மன். 1966இல் எம்ஐடியில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, நிரல் எழுதுபவனுக்கும் கணிப்பொறிக்கும் இடையே உதவியாளனாக நிற்கும் ‘பைலட்’ என்னும் அமைப்பைப் பற்றியது. பின்னர் பிபிஎன் நிறுவனத்திலும் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திலும் அவர் வளர்த்த சூழல் இன்டர்லிஸ்ப் என்று பெயர் பெற்றது. அதில் பிழை நேர்ந்தால் நிரல் செத்து விழாது; நேர்ந்த இடத்திலேயே நிற்கும். எந்தச் செயற்கூறு எதை அழைத்தது, அப்போது மாறிகளின் மதிப்பு என்ன என்பதையெல்லாம் பார்த்து, அங்கேயே திருத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்கும் ஒரு படி மேலே சென்றது ‘ட்விம்’ என்னும் பகுதி. ‘நான் கருதியதைச் செய்’ என்பது அப்பெயரின் விரிவு. எழுத்துப் பிழையுள்ள பெயரைக் கண்டால் அதற்கு நெருங்கிய பெயரைத் தேடி, அதைத்தான் எழுதியவர் கருதியிருப்பார் என்று கொண்டு ட்விம் திருத்திக்கொள்ளும்.

டைடெல்மன் கருதியதைத்தான் அது செய்கிறது என்று உடன் பணியாற்றியோர் கேலி செய்தனர். கணிப்பொறியாளர் வழக்கில் நெடுநாளாக வழங்கும் கதை ஒன்று உண்டு. ஒருவர் கோப்புகளின் பழைய படிகளை மட்டும் அழிக்கக் கட்டளையிட்டாராம். அவ்வகைப் படி எதுவும் இல்லை என்று கண்ட அமைப்பு, எல்லாக் கோப்புகளையும் அழிக்கத்தான் இவர் கருதியிருப்பார் என்று முடிவுசெய்து அழிக்கத் தொடங்கியதாம். கதை எவ்வளவு மெய்யோ, அது சுட்டும் குறை மெய்யானது. ட்விம் செய்தது வழுவமைதி. ஆனால் காரணம் அறியாத வழுவமைதி. கேட்பவன் தானே பொருளை நிரப்பிக்கொண்டு, நிரப்பியதைச் சொன்னவன் தலையில் ஏற்றிவிட்டான்.

இதற்கு எதிர்த் திசையில் சென்றது பைட்குறி. 1973இல் நடந்த மூன்றாம் அனைத்துலகச் செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் எல். பீட்டர் டாய்ட்ச், மிகச் சுருங்கிய நிரல்களைக் கொண்ட ஒரு லிஸ்ப் இயந்திரத்தைப் பற்றிய கட்டுரையை வழங்கினார். நினைவகம் விலையுயர்ந்திருந்த காலம் அது. லிஸ்ப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டால் இடம் மிகுதியாகச் செலவாகும். ஆகவே கம்பைலர் எனப்படும் தொகுப்பி ஒவ்வொரு செயற்கூறையும் எண்களின் நிரையாகச் சுருக்கிவிடும். அதைப் படித்து நிறைவேற்றும் சிறிய இன்டர்பிரெட்டர் ஒன்று மறுமுனையில் இருக்கும். ‘அ’வையும் ‘ஆ’வையும் கூட்டுக என்னும் தொடர், ‘அ’வை அடுக்கின் மேல் வை, ‘ஆ’வை அதன்மேல் வை, மேலுள்ள இரண்டையும் எடுத்துக் கூட்டி விடையை வை என மூன்று சிறு கட்டளைகளாகும். ஒவ்வொரு கட்டளைக்கும் பெரும்பாலும் ஒரு பைட்டே போதும்.

இங்கே பிழைகாப்பு இரண்டாகப் பிரிகிறது. கூட்டலுக்கு வந்தவை எண்கள்தாமா என்பதை இன்டர்பிரெட்டர் ஒவ்வொரு முறையும் பார்க்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல் இருந்தால் பிழை என்று அறிவித்து நிற்கும். இது நிரல் எழுதியவனின் வழு, காக்கப்படுகிறது. ஆனால் அடுக்கில் இரண்டு பொருள்கள் உண்மையாகவே இருக்கின்றனவா என்பதை அது பார்க்க வேண்டியதில்லை. ஏனெனில் அந்நிரையை ஆக்கியது மனிதன் அன்று, தொகுப்பி. தொகுப்பி தவறாது என்று இன்டர்பிரெட்டர் நம்புகிறது. தவறினால்? அடுக்கின் எல்லைக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்றை எடுத்துக் கூட்டும். விளைவு வேறெங்கோ, வேறெப்போதோ வெடிக்கும். அல்லது வெடிக்காமலே போகும்.

இந்த நம்பிக்கையின் வரலாற்றை நாம் இன்று எளிதில் படிக்கக்கூடிய இடம் குனூ ஈமாக்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984இல் எழுதத் தொடங்கிய இந்த உரைத்தொகுப்பியின் பெரும்பகுதி லிஸ்பால் ஆனது. அந்த லிஸ்ப் பைட்குறியாகத் தொகுக்கப்படுவது. தொகுக்கப்பட்ட ஒவ்வொரு செயற்கூறும் தன்னோடு பைட்டுகளின் நிரையையும், மாறிலிகளின் வரிசையையும், அடுக்கு எவ்வளவு உயரத்துக்கு எழும்பும் என்னும் எண்ணையும் சுமந்து வரும். அவ்வெண்ணைத் தொகுப்பி கணக்கிட்டுத் தருகிறது. இன்டர்பிரெட்டர் அதை ஏற்று அவ்வளவு இடம் ஒதுக்குகிறது.

1991ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாளிட்டு, லூசிட் நிறுவனத்தில் இருந்த ஜேமி ஸவின்ஸ்கி அந்த இன்டர்பிரெட்டரின் மூலக்கோப்பின் தலைப்பில் தாம் செய்த மாற்றங்களைக் குறித்துவைத்தார். அவற்றுள் முதலாவது, எளிய பிழைச் சோதனைகளை வேண்டும்போது மட்டும் இயக்கும் ஒரு விசையைச் சேர்த்தது. இரண்டாவது, வழக்கொழிந்த பழைய பைட்குறிகளை மீண்டும் சேர்த்தது. பயன்படுத்த அன்று, யாரேனும் அவற்றோடு வந்தால் பிழையெனக் கண்டுகொள்ள. புதிய கட்டளைகளுக்கு வாதங்கள் சரியான வரிசையில் செல்லுமாறு திருத்தியதும் அப்பட்டியலில் உண்டு. அதாவது அதற்கு முன் அவை தவறான வரிசையில் சென்றுகொண்டிருந்தன.

அகராதி ஆக்குவோர்க்கு இரண்டாவது செயல் நன்கு விளங்கும். வழக்கிறந்த சொல்லை அகராதியிலிருந்து நீக்கிவிட்டால், பழஞ்சுவடியில் அச்சொல்லைக் காண்பவன் அதை இன்றைய வேறொரு சொல்லாகப் படித்துவிடுவான். ‘இது இறந்த சொல்’ என்ற குறிப்போடு அது அங்கே இருப்பதே காப்பு.

முதலாவதாகச் சொன்ன அந்த விசைக்கு ‘பைட் கோட் சேஃப்’ என்று பெயர். அது இயக்கத்தில் இருந்தால் இன்டர்பிரெட்டர் அடுக்கின் எல்லைகளைத் தானே சரிபார்க்கும். தொகுப்பியை வழுநீக்கம் செய்வோர்க்குப் பயன்படுவது என்றே மூலத்தில் அதற்குக் குறிப்பு உண்டு. நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஈமாக்ஸில் அது அணைந்தே இருக்கும். காரணம் வேகம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கேள்வி கேட்டால் இலட்சக்கணக்கான கட்டளைகளுக்கு இலட்சக்கணக்கான கேள்விகள். சரியான தொகுப்பியின் கையிலிருந்து வந்ததை மீண்டும் மீண்டும் கேட்பது வீண் என்பது வாதம்.

1995இல் வந்த ஜாவா வேறு முடிவு எடுத்தது. அதன் பைட்குறி வலையின் வழியே முன்பின் அறியாதவரிடமிருந்து வரக்கூடியது. ஆகவே இயக்குவதற்கு முன்பே ஒரு சரிபார்ப்பி அதை முழுதும் படித்து, அடுக்கின் உயரமும் பொருள்களின் வகையும் எல்லா வழிகளிலும் பொருந்துகின்றனவா என்று காணும். ஈமாக்ஸுக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. மூல நிரலைத் தருபவரை நம்பலாமெனில் அவர் தரும் பைட்குறியையும் நம்பலாம் என்பது அதன் நிலை. இரண்டும் அறிவற்ற முடிவுகள் அல்ல. ஒன்று அயலாரோடு பேசுவதற்கான இலக்கணம். மற்றொன்று வீட்டாரோடு பேசுவதற்கானது. இடர் எழுவது, வீட்டார் யார் என்பதை நாம் மறந்துவிடும்போது.

ஹைதராபாத்துக்கு வருவோம். இந்திய மொழியியலுக்கும் லிஸ்புக்கும் இங்கே ஓர் உறவு உண்டு. மாணவர் பலர் அறியாதது. ராஜீவ் சங்கல் கான்பூர் ஐஐடியில் பணியாற்றிய காலத்தில், 1991இல், லிஸ்பின் நிரலாக்க முறைகளைப் பற்றி ஒரு பாடநூல் வெளியிட்டார். 1995இல் வினீத் சைதன்யாவோடு சேர்ந்து, ‘அக்ஷர பாரதி’ என்னும் குழுப்பெயரையும் இணைத்து, பாணினிய நோக்கில் இயற்கைமொழி ஆய்வு பற்றிய நூலைத் தந்தார். அக்குழுவின் ‘அனுசாரகா’ திட்டம் கான்பூரிலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கும், பின்னர் இங்குள்ள ஐஐஐடியின் மொழித் தொழில்நுட்ப ஆய்வு மையத்துக்கும் வந்தது. சங்கல் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

அனுசாரகாவின் ஆங்கிலம்–இந்தி வடிவத்தில் விதிகள் எழுதப்பட்ட சூழல் ‘கிளிப்ஸ்’. அதன் பிறப்பே லிஸ்போடு நேர்ந்த மனத்தாங்கலால்தான். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் வல்லுநர் அமைப்புகளை லிஸ்பில் உருவாக்கினார்கள். ஆனால் சாதாரணக் கணிப்பொறிகளில் லிஸ்ப் கிடைப்பது அரிது. அதற்கான கருவிகளோ விலை மிகுந்தவை. பிற மொழிகளோடும் அது இணக்கமாக இயங்கவில்லை. ஆகவே 1985இல் சி மொழியில் கிளிப்ஸை எழுதினர். உள்ளே சி, எழுதுமுறையில் அதே அடைப்புக்குறிகள். எந்த விதி எப்போது செயற்பட்டது, எந்தச் செய்தி சேர்ந்தது என்பதைக் கண்முன் காட்டும் கண்காணிப்பு வசதியும் அதில் உண்டு.

என் கருத்தைக் கவர்ந்தது கருவியைவிட அனுசாரகாவின் கொள்கை. மூலத்தில் உள்ள செய்தி எதுவும் இழக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படை. பொறிக்கு ஐயம் எழுந்தால் அழகான ஒரு தொடரை ஊகித்துத் தந்து ஐயத்தை மறைக்காது. மாற்றுகளைக் காட்டி, படிப்பவரிடம் முடிவை ஒப்படைக்கும். ஆகவே அதன் வெளியீடு சில இடங்களில் கரடுமுரடானது. படிப்பவர் சிறிது பயிற்சி பெற வேண்டும். ட்விமுக்கு நேர் எதிரான அறம் இது. பிழையைத் திருத்திக்கொடுப்பதைவிட, எங்கே தனக்குத் தெரியவில்லை என்று சொல்வது மேல் என்னும் அறம்.

இனி என் பிழை.

நான் குடியிருப்பது திருமுல்கேரி. படைமுகாம் சூழ்ந்த பகுதி. மதராஸ் படையோடு வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்னும் இப்பக்கத்தில் உண்டு. என் ஆய்வு தமிழ்த் துணைவினைகள் பற்றியது. உரைத்தொகுதியில் ‘இரு’, ‘விடு’, ‘கொள்’ ஆகியவை எங்கே முதல்வினை, எங்கே துணைவினை என்று பிரித்து எண்ணும் சிறு நிரல் ஒன்றை ஈமாக்ஸ் லிஸ்பில் எழுதியிருந்தேன். ‘வந்திருந்தான்’ என்பதில் ‘இரு’ துணைவினை. ‘வீட்டில் இருந்தான்’ என்பதில் முதல்வினை. என் முதல் விதி தளர்வானது. ‘நன்றாக இருந்தான்’ என்பதையும் துணைவினைக் கணக்கில் சேர்த்துவிட்டது. அதைக் கண்டு விதியை இறுக்கினேன். சோதனைத் தொடர்களை இட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தன. முழு உரைத்தொகுதியையும் ஓடவிட்டு, அட்டவணைகளை ஆய்வேட்டின் ஓரியலில் சேர்த்து, ஒரு கருத்தரங்கில் படித்தும் விட்டேன்.

படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். “தம்பி, உங்கள் மூன்றாம் அட்டவணையில் எடுத்துக்காட்டாக ‘நன்றாக இருந்தது’ என்று போட்டிருக்கிறீர்களே, அதில் இரு துணைவினையா?”

“இல்லை, ஐயா” என்றேன். அதற்கு மேல் எனக்கு விடை இல்லை.

வீடு திரும்பி இரவு முழுதும் தேடினேன். விதி சரியாகவே இருந்தது. சோதனையும் சரியாகவே வந்தது. வழு வேறிடத்தில். அவ்விதியை நான் ‘மேக்ரோ’வாக ஒரு கோப்பில் எழுதியிருந்தேன், உரைத்தொகுதியை எண்ணும் நிரல் மற்றொரு கோப்பு. மேக்ரோ என்பது தொகுக்கும்போதே விரிந்து, அதைப் பயன்படுத்தும் நிரலுக்குள் கரைந்துவிடும். இரண்டாம் கோப்பை நான் திங்கள் சிலவற்றுக்கு முன் தொகுத்தேன். அதற்குள் பழைய விதி பைட்குறியாக உறைந்து கிடந்தது. மூலக்கோப்பு தன் தொகுப்பினும் புதியதாயின் ஈமாக்ஸ் எச்சரிக்கும். ஆனால் இரண்டாம் கோப்பின் மூலத்தில் நான் எதையும் மாற்றவில்லை, மாறியது முதற்கோப்பு. ஆகவே எச்சரிக்கை எழவில்லை. சோதனைத் தொடர்களையோ நான் தொகுக்காத நிரலில் இட்டுப் பார்த்திருந்தேன். அங்கே புதிய விதி. இன்டர்பிரெட்டர் தனக்குக் கொடுத்ததை வழுவின்றி நிறைவேற்றியது. அடுக்கு எல்லை மீறவில்லை; வகைப் பிழை இல்லை. அந்த விசையை இயக்கியிருந்தாலும் இவ்வழுவைக் கண்டிருக்காது. பைட்குறியைப் பிரித்துக் காட்டும் கருவியால் இரண்டாம் கோப்பைப் பார்த்தபோதுதான் பழைய நிபந்தனை கண்முன் நின்றது.

இதைத் தொழில்நுட்பத் தவறு என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. தொகுப்பி தவறவில்லை, இன்டர்பிரெட்டரும் தவறவில்லை. தவறியது எதை எப்போது தொகுத்தேன் என்பதை மறந்த நான். பூச்சி எதுவும் பறந்து வரவில்லை. மறுநாள் நெறியாளருக்கு நடந்ததை எழுதினேன். தொகுத்த கோப்புகள் அனைத்தையும் அழித்து, புதிதாகத் தொகுத்து, மீண்டும் எண்ணினேன். மூன்றாம் அட்டவணையின் மீது நான் கட்டியிருந்த முடிவு ஒன்று நிற்கவில்லை. அதை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிட்டேன்.

கணினிவழி மொழியாய்வில் ஈடுபடும் மாணவர்க்கு இதிலிருந்து மூன்று செய்திகளைச் சொல்வேன். முதலாவது, சோதித்த நிரலும் எண்ணிய நிரலும் ஒன்றே என்பதை உறுதிசெய்யாத சோதனை, சோதனையாகாது. ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கு முன்னும் முழுவதையும் புதிதாகத் தொகுப்பது சில நிமிடச் செலவு. இரண்டாவது, பொறி வழுவின்றி ஓடியது என்பது விடை வழுவற்றது என்பதற்குச் சான்றாகாது. பொறி காப்பது தன் இலக்கணத்தை மட்டுமே. நம் இலக்கணத்தைக் காப்பது நம் கடன். மூன்றாவது, அட்டவணையோடு எடுத்துக்காட்டுகளையும் தருக. எண்களை மட்டும் நான் தந்திருந்தால் அப்பேராசிரியர் எதையும் கண்டிருக்க முடியாது. அனுசாரகாவின் கொள்கை எனக்குப் பொருள்பட்டது அப்போதுதான்: கேட்பவர் சரிபார்ப்பதற்குரியதை அவர் கையில் விட்டுவைக்க வேண்டும்.

1868இல் சொல்லதிகாரச் சேனாவரையம் அச்சானபோது பதிப்பித்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர். அக்காலத்து நூல்களில் பரிசோதித்தவர் பெயருக்குத் தனியிடம் இருந்தது. வழுவைப் பேசும் நூலுக்கே வழுக்காண ஒருவர் வேண்டியிருந்தார். அதில் யாருக்கும் இழிவில்லை. நம் ஆய்வேடுகளில் நிரல் எழுதியவர் பெயர் இருக்கும், தரவு தந்தவர் பெயர் இருக்கும். பரிசோதித்தவர் என்று ஒருவர் இருப்பதில்லை.

என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அப்பேராசிரியரின் பெயரை அச்சொல்லின் கீழேயே எழுதியிருக்கிறேன். இப்பதிவில் வழு காண்போரும் தயங்காது சுட்டுக.